இரண்டு வரைபடங்கள்

அக்கா மகள் கட்டிடக்கலை ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டு, ஓர் ஆய்வு உதவித்தொகைக்கு எழுதியிருப்பதைப் பார்த்துத் தர முடியுமா என்று கேட்டாள். மில்லில் வேலை செய்யும் பெண்கள் தங்கும் விடுதி அறைகளை அளந்து வரைய வேண்டும் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். ஓர் அறையில் எத்தனை பேர், ஜன்னல் எந்தப் பக்கம், துணி எங்கே காய்கிறது. ஆனால் விண்ணப்பத்தில் இருந்தது ஒரு கோயில் குளத்தின் படித்துறை.

"ஏன் மாத்திட்ட?"

"பாரம்பரியம்னு இருந்தாத்தான் மாமா குடுப்பாங்க. சீனியர்ஸ் எல்லாரும் அதான் சொல்றாங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. ஆபீஸ் ஹேக்கத்தான்களில், நடுவர்களுக்கு எந்த வார்த்தை பிடிக்கும் என்று விசாரித்துவிட்டுத்தான் ஐடியாவே யோசிப்பவன் நான். புத்தி சொல்லும் தகுதி கிடையாது. அதனால் தோனி கார்னியேயின் கதையைச் சொன்னேன்.

கட்டிடக்கலை மாணவர்களுக்கான உதவித்தொகைகளில் நீண்ட காலம் உச்சத்தில் இருந்தது பிரான்ஸின் ப்ரி த ரோம். பதினான்காம் லூயி காலத்தில், 1663இல், ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்குமாகத் தொடங்கிய பரிசு அது. 1720இல் கட்டிடக்கலையும் சேர்ந்தது. வென்றவர் அரசுச் செலவில் ரோமுக்குப் போய்ச் சில வருடங்கள் தங்கலாம். 1803 முதல் அந்த இருப்பிடம் வில்லா மெடிச்சி என்ற மாளிகை.

போட்டி கடுமையானது. தலைப்பைக் கொடுத்து, தனித்தனிச் சிற்றறைகளில் உட்காரவைத்து விடுவார்கள். முதலில் குறுகிய நேரத்தில் ஒரு திட்டவரைவு. இறுதிச் சுற்றுக்கு வந்தவர்கள் அதை வாரக்கணக்கில் விரித்து வரைய வேண்டும். ஆனால் முதல் வரைவிலிருந்து விலகிவிட்டால் ஆட்டம் முடிந்தது. டிசைன் டாக்குமென்ட்டில் கையெழுத்து வாங்கிவிட்டு, அதன் பிறகு யோசிக்கவே கூடாது என்று சொல்வது மாதிரி.

ரோமுக்குப் போனாலும் சுதந்திரம் இல்லை. பழைய ரோமானியக் கட்டிடங்களை அளந்து, அவை முழுமையாக இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று வரைந்து, வருடாவருடம் பாரிஸுக்கு அனுப்ப வேண்டும். அதற்குத்தான் படி அளந்தார்கள்.

கார்னியே லியோன் நகரத்துக்காரர். பட்டு நெசவாளர்கள் வாழ்ந்த க்ருவா ரூஸ் மேட்டில் 1869இல் பிறந்தவர். பலமுறை தோற்று, முப்பதைத் தொடும் வயதில், 1899இல் பரிசை வென்றார். வென்ற தலைப்பு ஓர் அரசு வங்கியின் தலைமையகம்! ரோமுக்குப் போன அவர், 1901இல் அனுப்பியது இடிபாடுகளை அல்ல. முப்பத்தைந்தாயிரம் பேர் வாழும் ஒரு தொழில் நகரத்தை.

அப்படி ஒரு ஊர் எங்கும் இல்லை, தென்கிழக்கு பிரான்ஸில் இருப்பதாக அவர் கற்பனை செய்துகொண்டார். அணையிலிருந்து மின்சாரம். ஆலைகள் ஒரு பக்கம், வீடுகள் தள்ளி, நடுவில் பசுமை. மருத்துவமனை மலைச்சரிவில், குளிர்காற்று படாத இடத்தில். கட்டிடங்கள் பெரும்பாலும் வலுவூட்டிய கான்கிரீட். நிலம் பொதுச்சொத்து, வீடுகளுக்கு இடையே வேலி கிடையாது. ஒவ்வொரு படுக்கையறைக்கும் தெற்கே பார்த்த ஜன்னல் ஒன்றாவது வேண்டும் என்பது விதி. குளிர்நாட்டில் தெற்கு என்றால் வெயில். தேவாலயம், சிறை, காவல் நிலையம் எதுவும் இல்லை.

கல்விக்கழகம் ஏற்கவில்லை. கேட்டது ரோம், வந்தது நெசவாளியின் படுக்கையறை.

கார்னியே சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிடவில்லை என்பதுதான் நான் அவளுக்குச் சொல்ல நினைத்தது. ரோமுக்கு அருகிலுள்ள டஸ்குலும் என்ற பழைய நகரத்தை ஒழுங்காக வரைந்து கொடுத்தார். கூடவே தன் நகரத்தையும் வரைந்துகொண்டிருந்தார். 1904இல் இரண்டையும் முடித்து ஊர் திரும்பினார். லியோன் மேயர் எரியோ அவருக்கு வேலை கொடுத்தார். இறைச்சிக்கூடம், மருத்துவமனை, விளையாட்டரங்கு, தொழிலாளர் குடியிருப்பு என்று காகிதத்தில் இருந்ததில் கொஞ்சம் மண்ணில் எழுந்தது. 1917இல் வரைபடங்கள் புத்தகமாயின. சண்டிகரைத் திட்டமிட்ட லெ கொர்பூசியே, இளம் வயதிலேயே கார்னியேயைத் தேடிப் போய்ச் சந்தித்தவர்.

கதையை இங்கேயே நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் வில்லா மெடிச்சியில் இன்னொருவரும் இருந்தார். 1902இல் பரிசு வென்ற ஆன்ரி ப்ரோஸ்த். அவரும் ஒற்றைக் கட்டிடத்தை விட்டு முழு நகரத்தை யோசிக்கக் கற்றவர்தான். 1914இல் பிரெஞ்சு ஆட்சியாளர் லியோத்தேவின் அழைப்பில் மொராக்கோ போனார். காசாபிளாங்கா, ரபாத் போன்ற ஊர்களில், ஐரோப்பியர்களுக்கான புதிய நகரங்களை உள்ளூர்க்காரர்களின் பழைய மதீனாக்களிலிருந்து பிரித்துத் திட்டமிட்டார். நடுவே கட்டிடம் எழக்கூடாத வெற்றிடப் பட்டை. கார்னியே பசுமையை ஆலைப் புகைக்கும் வீட்டுக்கும் இடையே வைத்தார். இங்கே வெற்றிடம் மனிதர்களுக்கு இடையே வந்தது. அதே பரிசு, அதே மாளிகை.

1968 மே மாதம் மாணவர்கள் பாரிஸின் கலைப்பள்ளியைக் கைப்பற்றினார்கள். அந்த ஆண்டே அமைச்சர் மல்ரோ பரிசை ஒழித்தார். வில்லா மெடிச்சி இன்றும் இருக்கிறது, கலைஞர்கள் விண்ணப்பித்துத் தங்குகிறார்கள். அந்த விண்ணப்பங்களிலும் சில டஸ்குலும்கள் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

எல்லாம் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "அப்போ குளத்தையும் வரையறேன். ஆனா சும்மா ஒப்பேத்த மாட்டேன் மாமா, நல்லாவே வரையறேன்."

"விடுதி?"

"அதுக்கு ஒரு டேப்பும் பஸ் காசும் போதும். அவங்க உள்ள விடணும், அவ்வளவுதான்."

போன வாரம் வாட்சப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். பென்சிலில் வரைந்த ஓர் அறை. பத்தடிக்குப் பன்னிரண்டு, ஆறு பாய்கள். ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.