கொச்சி வெளியின் சலவைத் தொட்டிகள்

கொச்சி நகரைச் சுற்றி எப்பக்கம் நோக்கினும் நீர். ஆயினும் நன்னீர் அங்கே எளிதிற் கிட்டியதில்லை. 1341-ஆம் ஆண்டில் பெரியாறு பெருக்கெடுத்துத் தன் போக்கை மாற்றியபோது முசிறியின் பழந்துறை தூர்ந்ததென்றும், கொச்சியில் கடல்வாய் அகன்று துறைமுகம் அமைந்ததென்றும் வரலாற்றாசிரியர் கூறுவர். மணலும் சேறும் படிந்து உருவான அந்நிலத்தில், மட்டாஞ்சேரியிலாயினும் கோட்டைக் கொச்சியிலாயினும், சில அடி தோண்டிய அளவிலேயே நீர் ஊறும். ஊறும் நீர் பெரும்பாலும் உவர்க்கும். ஆகவே, ஐரோப்பியரும் செல்வரும் ஆலுவாவிலிருந்து பெரியாற்று நீரைப் படகில் வரவழைத்துப் பருகினர். போர்த்துக்கேசியர் நீராடுவதற்கே ஆலுவா சென்று தங்குவர். 1914-ஆம் ஆண்டில் சொவ்வரையிலிருந்து குழாய்வழிக் குடிநீர் வரத் தொடங்கிய பின்னரே எர்ணாகுளமும் மட்டாஞ்சேரியும் ஓரளவு ஆறுதல் பெற்றன.

குடிக்கும் நீரைப் படகில் ஏற்றி வரலாம். ஒரு துறைமுக நகரத்தின் அழுக்குத் துணியனைத்தையும் வெளுப்பதற்கு வேண்டும் நீரை அவ்வாறு கொணர இயலுமோ? கோட்டைப் படைவீரர், கப்பல் மாலுமிகள், கொங்கணி வணிகர், குஜராத்தி வணிகர், யூதர், அரண்மனையார் எனப் பலரும் நெருங்கி வாழ்ந்த ஊர் அது. அவர்தம் ஆடைகளை வெளுத்துக் கொடுத்தவர் யாவர் என்னும் வினாவை எழுப்பினால், விடை நம்மவர்பால் வந்து நிற்கிறது.

1663-ஆம் ஆண்டில் போர்த்துக்கேசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர், 1795-இல் ஆங்கிலேயர் வரும்வரை அங்கே ஆட்சி செலுத்தினர். தம் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காக டச்சுக்காரரே தமிழ்நாட்டிலிருந்து வண்ணார் குடும்பங்களை வரவழைத்துக் குடியமர்த்தினர் என்பது அக்குடும்பங்களிடையே வழிவழியாக வழங்கும் செய்தி. அவர்கள் தொழில் நடத்திய இடம் கோட்டைக் கொச்சியை அடுத்த ‘வெளி’ என்னும் திறந்த நிலம். மலையாளத்திலும் அதற்கு வெளி என்றே பெயர். அவ்விடத்தில் மட்டும் மொழிபெயர்ப்பாளனுக்கு வேலையில்லை. அங்கிருந்த குளங்களே அவர்களுடைய துறைகள். துணியை உவர்மண் கரைத்த நீரில் தோய்த்து, வெள்ளாவியில் அடுக்கி இரவெல்லாம் ஆவி ஏற்றி, விடியலிற் கல்லில் அடித்து அலசி, கஞ்சியும் நீலமும் இட்டு வெயிலில் உலர்த்துவது பழைய முறை. ஆடைக்குக் கஞ்சிப்பசை இடும் பெண்ணைச் சங்கப் புலவர்களே பாடியிருக்கின்றனர் என்றால், அம்முறையின் தொன்மைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

தமிழர் சென்ற இடங்களிலெல்லாம் இத்தொழிலின் சுவடு உண்டு. சென்னையின் வண்ணாரப்பேட்டை, கிழக்கிந்தியக் கம்பெனியார் ஏற்றுமதித் துணியை வெளுப்பதற்கென்று உருவான குடியிருப்பு. சிங்கப்பூரில் இன்று பெரிய இரயில் நிலையத்தின் பெயராக விளங்கும் ‘தோபி காட்’, பிராஸ் பாசா ஓடையில் துணி வெளுத்த இந்தியரின் நினைவு. ஆங்கே துறையும் இல்லை, துவைகல்லும் இல்லை. கொச்சியிலோ பெயரும் இருக்கிறது, தொழிலும் இருக்கிறது. அதற்குக் காரணம் தொட்டிகளே என்பது நம் கருத்து.

குளத்தில் வெளுப்பதில் இரு இடர்கள் இருந்தன. ஒருவர் கழுவிய அழுக்கு மற்றவர் துணியிற் படியும் என்பது ஒன்று. மற்றொன்று நோய். யானைக்கால் நோய்க்கு ஆங்கிலத்தில் ‘கொச்சிக் கால்’ என்றே ஒரு பெயர் வழங்கியதென்றால், அந்நகரம் பட்ட துன்பத்தை ஊகிக்கலாம். எம். ஓ. டி. அய்யங்கார் 1930-களில் திருவிதாங்கூரில் நிகழ்த்திய ஆராய்ச்சிகள், குளங்களில் மிதக்கும் ஆகாயத்தாமரையின் வேரைத் துளைத்து அதன்வழியே மூச்சுவிடும் ஒருவகைக் கொசுப் புழுவே அங்கு அந்நோய் பரவுவதற்குத் துணைசெய்கிறது என்பதை விளக்கின. கொச்சிக்குத் தெற்கிலுள்ள சேர்த்தலை வட்டாரம் இதற்குப் பேர்போனது. தேங்கிய குளத்தில் நாள்தோறும் முழங்காலளவு நீரில் நிற்பவர்க்கு இச்செய்தி ஏட்டோடு நின்றுவிடும் செய்தியன்று.

1976-ஆம் ஆண்டில் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையத்தார் வெளியில் சலவைக்கூடம் ஒன்றை அமைத்தனர். வரிசை வரிசையாகக் கான்கிரீட் அறைகள், ஒவ்வொன்றிலும் தரைக்கு மேல் எழுப்பிய நீர்த்தொட்டி, அருகே துவைகல், அப்பால் உலர்த்துவதற்குப் பரந்த வெட்டவெளி, இஸ்திரி போடுவதற்கு நீண்ட கொட்டகை. கொடிக்கயிறுகளில் கவ்விகள் காணப்படா. இரு கயிறுகளை முறுக்கி, அம்முறுக்கினிடையே துணியின் நுனியைச் செருகிவிடுகின்றனர். கடற்காற்று எவ்வளவு வீசினும் துணி பறப்பதில்லை. கூடத்தை நடத்தி வருவது வண்ணார் சங்கம். வெளியில் மலையாளம் பேசுவோர், வீட்டிற் பேசுவது தமிழ்.

தொட்டியைத் தரைக்கு மேல் கட்டியது சிக்கனத்திற்காக மட்டும் என்று எண்ணுதல் தவறாகும். நிலத்தடி நீர் மேலோங்கி நிற்கும் மணற்பாங்கில் தொட்டியைப் புதைத்துக் கட்டினால், அது நிறைந்திருக்கும்போது தொல்லை தோன்றாது. துப்புரவுக்காக வடித்த அன்று, கீழிருந்து நிலநீர் அடித்தளத்தை மேல்நோக்கித் தள்ளும். வெற்றுப் படகு மிதப்பதுபோல் வெற்றுத் தொட்டியும் மிதக்க முயன்று விரிசல் காணும். மேலெழுப்பிய தொட்டிக்கு அந்த அச்சமில்லை. கசிவும் கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் அதற்கு வேறு கடமை உண்டு. மண்ணின் துணையின்றி நீரின் தள்ளுதல் முழுவதையும் சுவரே தாங்கவேண்டும். ஒரு மீட்டர் ஆழமுள்ள நீர், அடியில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 1000 கிலோகிராம் அழுத்தம் தருகிறது; சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளமும் மொத்தத்தில் 500 கிலோகிராம் தள்ளுதலைத் தாங்குகிறது. தொட்டி அகலமாயினும் குறுகலாயினும் இக்கணக்கு மாறுவதில்லை. ஆழம் ஒன்றே பொருட்டு. ஆதலால்தான் பழைய தொட்டிகள் முதலில் அடிமூலையில் பழுதுறுகின்றன. சுவரும் தளமும் கூடும் அவ்விடத்தைச் செங்கோணமாக விடாது, சாந்தால் சரிவாக மெழுகிவிடுவது நல்ல கொத்தனாரின் அடையாளம்.

கொச்சியின் பழங்கட்டடங்கள் வெட்டுக்கல்லாலும், காயலிற் கிடைக்கும் சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பாலும் ஆனவை. வெல்லமும் கடுக்காய் ஊறிய நீரும் சேர்த்தரைத்த சுண்ணச்சாந்து மெல்ல இறுகும். சிறிது நெகிழ்ந்தும் கொடுக்கும். கான்கிரீட் அப்படியன்று. அதன் வலிமை உள்ளிருக்கும் இரும்புக் கம்பியில் இருக்கிறது. கடலோரத்தில் அதன் நோயும் அங்கேயே தொடங்குகிறது. உப்புக்காற்றும் உவர்நீரும் நுண்துளைகளின் வழியே கம்பியை எட்டியதும் துரு உண்டாகிறது. துரு, இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கொள்வது; எனவே உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கிறது. மேலே சிவந்த கறை படிந்த நாளில், உள்ளே பல ஆண்டு வேலை நடந்து முடிந்திருக்கும். அக்கறையின் மீது வெள்ளையடித்து மறைப்பது நம் நாட்டில் எங்கும் காணும் வழக்கம். அதைப் பராமரிப்பு என்று கணக்கில் எழுதுவதும் உண்டு. அலுவலகக் கோப்புகளில் கட்டுமானம் ஒரு தலைப்பு, பராமரிப்பு மற்றொரு தலைப்பு. முன்னதற்கு அடிக்கல் நாட்டுவர். பின்னதற்கு அடிக்கல் இல்லை.

செம்மையான பழுதுபார்ப்பு வேறு. தொட்டியை வடித்துச் சோப்புக் கசடைச் சுரண்டியபின், சிறு சுத்தியலால் சுவரெங்கும் தட்டிக் கேட்கவேண்டும். கணீரென்று ஒலித்தால் பூச்சு பற்றியிருக்கிறது. பொள்ளென்று ஒலித்தால் விட்டுப்போயிற்று. விட்ட பூச்சை உடைத்தெடுத்து, விரிசலை உட்குறுகிய பள்ளமாக வெட்டி, துருவேறிய கம்பியின் பின்புறமும் தெரியுமாறு கான்கிரீட்டை நீக்கி, கம்பியைப் பளிச்சிடும்வரை தேய்த்து, சிமெண்டுப் பால் தடவிப் பின்னர் இரு படலமாகப் பூசவேண்டும். பூசியவுடன் நீர் நிரப்பலாகாது. ஈரச்சாக்குப் போர்த்தி ஏழு நாளேனும் உலராமற் காக்கவேண்டும். கம்பி பாதியாகத் தேய்ந்திருந்தாலோ, மணல் இறங்கித் தளம் ஒருபுறம் சாய்ந்திருந்தாலோ மேற்பூச்சினால் பயனில்லை. இடித்துவிட்டு, அடிநிலத்தைக் கெட்டித்து, புதிதாகவே எழுப்பவேண்டும். இவ்விரண்டில் எது வேண்டும் என்று துணிவதே கடினம். புதுத்தொட்டிக்கு ஆகும் செலவுக்கு அஞ்சி மூன்றுமுறை பூசியவர், முடிவில் நான்கு செலவும் செய்வர்.

நிரப்பும்போதும் மூன்றில் ஒரு பங்காக நிறுத்தி நிறுத்தி நிரப்புவது நன்று. கசிவைச் சோதிக்க நீச்சற்குளம் வைத்திருப்போர் கையாளும் ஓர் எளிய வழி உண்டு. வாளி ஒன்றில் நீர் எடுத்துத் தொட்டியின் படியில் வைத்து, இரண்டிலும் நீர்மட்டத்தைக் குறித்துவிட்டு ஒருநாள் கழித்துப் பார்ப்பது. இரண்டும் ஒரே அளவு குறைந்திருந்தால் அது வெயில் குடித்தது. தொட்டியில் மிகுதியாகக் குறைந்திருந்தால் கசிவு.

பம்பாய் மகாலட்சுமியில் 1890-ஆம் ஆண்டில் அமைந்த பெருந்துறையைக் காண அயல்நாட்டார் திரள்கின்றனர். கொச்சி வெளிக்கும் இப்போது சுற்றுலாப் பயணிகள் வருகின்றனர். அவர்கள் எடுக்கும் படங்களில் வெண்துணி அழகாகவே இருக்கும். ஆனால் வீடுகளில் சலவை இயந்திரம் வந்துவிட்டது. இளைஞர் வேறு வேலை நாடுகின்றனர். மருத்துவமனை, விடுதி ஆகியவற்றின் துணிகளே பெரிதும் எஞ்சுகின்றன. இந்நிலையில் ஒரு தொட்டி கசிந்தால் அதைக் கட்டுவதா, கைவிடுவதா என்னும் கேள்வி கட்டடக்கலையோடு முடிவதில்லை. கைவிடப்பட்ட தொட்டியில் மழைநீர் தேங்கும். தேங்கிய நீரில் கொசு மீண்டும் வரும். அண்டைத் தொட்டிக்காரரும் அங்கே நிற்க விரும்பார்.

துண்டுக் கணக்கிற் கூலி பெறுபவர்க்கு ஏழு நாள் தொட்டி உலர்ந்து கிடப்பது சிறு இழப்பன்று. அக்காலத்தில் பக்கத்துத் தொட்டியை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளவேண்டும். அதற்கு நல்லுறவு வேண்டும், சங்கமும் வேண்டும். மழைக்காலத்தில் துணி உலர்வது அரிது. ஆகவே வேலை குறையும் அந்நாள்களிலேயே பழுதுபார்க்கலாமே என்று நமக்குத் தோன்றும். இடவப்பாதி மழை புதுப்பூச்சை ஓரிரவில் கரைத்துவிடும். பூச்சு வேலைக்கு ஏற்றவை மேமாதத்திற்கு முந்திய வெயில் நாள்கள். துணி விரைந்து உலர்ந்து கூலியும் மிகுதியாகக் கிடைப்பதும் அந்நாள்களிலேயே.