கோராகும் கிள்ளான் தோட்டமும்

ஆண்டவருக்கு எதிரான கலகம் என்றதும் கிறிஸ்தவர்களுக்கு எண்ணாகமம் 16-இன் கோராகு நினைவுக்கு வருவான். மோசேயை எதிர்த்த அவனது கூட்டத்தைப் பூமி விழுங்கியது. மேலதிகாரியை எதிர்ப்பவன் கடவுளையே எதிர்க்கிறான் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. 1941-இல் மலாயாவின் கிள்ளான் வட்டாரத்தில் இந்தியத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததை இந்த அளவுகோலால் அளக்க முடியுமா? முடியாது என்பதே என் வாதம். கோராகு கூலிக்காரன் அல்லன். ஆசரிப்புக்கூடாரப் பணி பெற்ற லேவியன், ஆசாரியத்துவத்துக்கும் ஆசைப்பட்டவன். கிள்ளான் தொழிலாளர்கள் கேட்டதோ சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், பெண்களுக்குப் பாதுகாப்பு. வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற வழக்கத்தையும் ஒழிக்கச் சொன்னார்கள். இவர்களுக்கு நெருங்கிய வேதப்பகுதி யாத்திராகமம் 5: இஸ்ரவேலருக்கு வைக்கோலை நிறுத்திவிட்டு, செங்கல் கணக்கைக் குறைக்காமல், சோம்பேறிகள் என்று பார்வோன் ஏசிய இடம்.

தொழிலாளர்களில் பெரும்பாலோர் இந்துக்களாயிற்றே, அவர்களுக்கு பைபிள் எதற்கு என்று கேட்கலாம். அவர்கள் மீது ஆட்சி செலுத்திய துரைமாரின் வேதம் அது. அந்தத் துரைமாரை அதைக்கொண்டே அளப்பது நியாயம். ரோமர் 13 ஆளுவோருக்குக் கீழ்ப்படியச் சொல்கிறதே என்பது வலுவான மறுப்பு. ஆனால் அதே பகுதி, ஆளுவோரை நன்மைக்கான ஊழியர் என்கிறது. பார்வோனின் கொலைக்கட்டளையை மீறிய மருத்துவச்சிகளுக்குக் கடவுள் நன்மை செய்ததாக யாத்திராகமம் 1 சொல்கிறது. கிள்ளானில் வேலைநிறுத்தத் தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கோராகை விழுங்கியது பூமி. இவர்களைக் கொன்றது அரசின் துப்பாக்கி.