கடலை எட்டிய கருணை

கோச்சடையில், வைகைக் கரையில் வாழும் நமக்குக் கடல் தொலைவிலுள்ளது. வைகையே பெரும்பாலும் கடலைக் காணாமல் இராமநாதபுரம் பெரிய கண்மாயில் தங்கிவிடுகிறது. மாந்தர் வகுத்த இரக்கத்தின் சட்டமும் அவ்வாறே நெடுங்காலம் கடலை எட்டாமல் நின்றிருந்தது.

1859-இல் சொல்ஃபெரினோ போர்க்களத்தில் காயமுற்றோர் கவனிப்பாரற்றுக் கிடந்ததைக் கண்டு மனம் நொந்தார் ஹென்றி டுனாந்து. அவரது முயற்சியின் பயனாக 1864-இல் ஜெனீவா உடன்படிக்கை பிறந்தது. காயமுற்ற வீரன் எந்நாட்டவனாயினும் அவனுக்கு மருத்துவம் செய்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். ஆனால் அது தரைப்போருக்கு மட்டுமே உரியதாயிருந்தது.

1866 ஜூலை 20 அன்று ஏட்ரியாட்டிக் கடலில் லிசா தீவருகே நடந்த போரில், இத்தாலியப் போர்க்கப்பலொன்று மோதுண்டு சில நிமிடங்களில் மூழ்கியது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். நீரில் தத்தளிப்போரைக் காக்குமாறு எந்த உடன்படிக்கையும் அன்று கட்டளையிடவில்லை. 1868-இல் கடலுக்கென விதிகள் எழுதப்பட்டும் நடைமுறைக்கு வரவில்லை. 1899-இல் ஹேக் மாநாட்டில்தான் ஜெனீவாவின் நெறி கடற்போருக்கும் விரிந்தது. போர் ஓய்ந்ததும் தத்தளிப்போரையும் காயமுற்றோரையும் தாமதமின்றித் தேடி மீட்கவேண்டும் என்று 1949-இன் இரண்டாம் ஜெனீவா உடன்படிக்கை விதித்தது.

போருக்கென வகுத்த இந்நெறி பேரிடரிலும் பயன் தந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினத்தையும் வேளாங்கண்ணியையும் சூறையாடியது. நம் கரையே பிணக்காடாயிருந்தபோதும், இந்தியக் கடற்படையின் கப்பல்கள் அண்டை நாடுகளுக்கும் விரைந்தன. கடலாழம் அளக்கும் 'ஜமுனா', 'நிருபக்' எனும் கப்பல்கள் மருத்துவமனைகளாக மாற்றப்பட்டன. முன்னது இலங்கைக்கும் பின்னது இந்தோனேசியாவுக்கும் சென்றன.

ஆயினும் மருத்துவர் இருக்கும் கப்பல், தான் சென்றடைந்தவர்க்கே உதவ இயலும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை மீனவர் பலர் ஆழ்கடலில் இருந்தனர். கடற்படையினரும் கடலோரக் காவல்படையினரும் பலரை மீட்டு முதலுதவி அளித்தது உண்மை. திரும்பாதவர் பலர் என்பதும் உண்மை. தேடுதல் விரைவாக நடக்கவில்லை, ஆழ்கடல்வரை செல்லவில்லை என்று அவர்தம் குடும்பத்தார் வீதிக்கு வந்து முறையிட்டனர்.

'தாமதமின்றி' என்ற அச்சொல் போரில் பகைவனுக்கும் உரியது. அமைதிக் காலத்தில், நம் உணவுக்காக அலைமேல் செல்லும் மீனவனுக்கு அது எத்துணை உரியது! கடலைக் காணாத நாமும் இதைக் கேட்கக் கடமைப்பட்டவர்களே.