ஆனையிறவு வழியும் சங்குப்பிட்டி வழியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் தரைவழியாக நுழைகிறவர்களில் பெரும்பாலானோர் இரண்டு வழிகளில் ஒன்றையே பிடிக்கிறார்கள். ஒன்று, கண்டியில் தொடங்கி 321 கிலோமீற்றர் ஓடிவரும் ஏ9 வீதி. அது ஆனையிறவில் குடாநாட்டைத் தொடுகிறது. மற்றது மன்னாரிலிருந்து பூநகரி ஊடாக வரும் ஏ32. சங்குப்பிட்டியில் கடனீரேரியைக் கடந்து நாவற்குழியில் ஏ9 வீதியோடு சேர்கிறது. கனடாவில் பிறந்து வளர்ந்த என் நண்பரின் மகன் அண்மையில் ஏ9 வீதியால் போய் ஏ32 வீதியால் திரும்பினான். வழிநெடுக அவன் அனுப்பிய படங்கள் கொடிகாமத்தில் பிறந்த என்னைப் பல இரவுகள் தூங்கவிடவில்லை.

அவனுக்குப் பிடித்தது சங்குப்பிட்டி வழிதான். அதில் வியப்பில்லை. 2011 ஜனவரியில் திறந்த அந்த 288 மீற்றர்ப் பாலத்தில் ஏறினால் இரு பக்கமும் நீர்தான். கரையில் வீடில்லை, கடையில்லை, ஒரே காற்று. பூநாரைகளைப் படமெடுக்க அரை மணித்தியாலம் நின்றானாம். பார்க்க வந்தவனுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது என்று நானும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஊர் நினைவு அழகான இடங்களில் மட்டும் தங்குவதில்லை. வாகனம் எங்கெங்கே நின்றதோ அங்கெல்லாம் தங்குகிறது. ஏ9 நின்று நின்று போகிற வீதி. முறுகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் எங்கள் காலத்தில் ஒரு பஸ்ஸும் தாண்டியதில்லை. சாரதி இறங்கிக் கற்பூரம் கொளுத்துவார், யாரோ ஒருவர் சிதறுதேங்காய் அடிப்பார். அதற்குள் பிள்ளைகள் கச்சான் கடைக்கு ஓடிவிடுவோம். சுடுமணலில் வறுத்த கச்சான், கடதாசிச் சுருளுக்கு வெளியேயும் உள்ளங்கையைச் சுடும். பரந்தனில் தொடங்கிய தின்னல் ஆனையிறவில் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும்போதும் முடிந்திருக்காது. இயக்கச்சி, பளை என்று தென்னந்தோப்புகள் தொடங்கும்போது பஸ்ஸின் தரை முழுக்கக் கோதாக இருக்கும். எழுதுமட்டுவாள், மிருசுவில் என்று நடத்துநர் கூப்பிடக் கூப்பிட, அம்மா பைகளை ஒவ்வொன்றாக மடியில் எடுத்துவைப்பார்.

கொடிகாமம் சந்தியில் இறங்கினால் பருத்தித்துறைக்குப் போகிற தட்டிவான் நிற்கும். மரத்தால் கட்டிய உடல், பின்னால் சங்கிலியில் தொங்கும் பலகைத் தட்டி. தேங்காய்ச் சாக்கு, வாழைக்குலை, தென்மராட்சிப் பலாப்பழம், கால் கட்டிய கோழி எல்லாம் ஏறிய பிறகு மிச்ச இடத்தில் மனிதர் ஏறுவார்கள். நண்பரின் மகன் அனுப்பியவற்றில் கொடிகாமம் சந்தை ஒரே படத்தில்தான் இருந்தது, அதுவும் ஓடும் காரிலிருந்து எடுத்தது. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஏ32 வீதியில் எனக்கென்று நினைவு குறைவு. என் பெற்றோரின் தலைமுறைக்கு அதுவும் நிற்கிற வழியாகத்தான் இருந்தது. பாலம் வருமுன் சங்குப்பிட்டிக்கும் கேரதீவுக்கும் இடையே மிதவைப் பாதை ஓடியது. அது அக்கரையிலிருந்து திரும்பும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். பூநகரி மொட்டைக்கறுப்பன் அரிசி வாங்கப் போனவர்கள் அந்தக் காத்திருப்பில் பேசிய கதைகளை அப்பா நிறையச் சொல்லியிருக்கிறார். பாலம் பயணத்தைச் சுருக்கியது பெரிய நன்மை. நோயாளியோடு போகிறவரைக் கேட்டால் தெரியும். அந்தப் பேச்சுக்கு இனி இடமில்லை என்பதும் உண்மைதான்.

இரண்டு வழியும் அடைபட்ட காலமும் இருந்தது. 90களின் முற்பகுதியில் முதலில் கொம்படி–ஊரியான் வெளியாலும், பிறகு கிளாலிக் கடனீரேரியில் இரவுப் படகிலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் சனம் போய்வந்தது. 2002இல் ஏ9 திறந்தது, 2006 ஆகஸ்டில் மூடப்பட்டது, 2009இல் போர் முடிந்த பிறகு மறுபடி திறந்தது. ஆனையிறவில் அவன் எடுத்த படத்தில் வீதி வெறுமையாக, நேராகக் கிடக்கிறது. மறிக்க ஒருவருமின்றி அந்த இடத்தைக் கார் கடந்தது என்பதே எனக்கு அந்தப் படத்தில் பெரிய செய்தி. பூநாரைகளைவிட அதையே நெடுநேரம் பார்த்தேன்.

ஊரைப் பார்க்க வருகிறவர்கள் சங்குப்பிட்டியால் வரட்டும். ஊருக்குத் திரும்புகிறவர்கள், அதிலும் தென்மராட்சியார், ஆனையிறவால்தான் வரவேண்டும் என்பேன். ஏ32 தனங்கிளப்பு, மறவன்புலவு ஓரமாக நாவற்குழிக்குப் போய்விடுகிறது. கொடிகாமமும் சாவகச்சேரியும் கண்ணில் படாமலே பயணி யாழ்ப்பாண நகரத்துக்குள் நுழைந்துவிடலாம். நண்பரின் மகனுக்கு இதைத் தொலைபேசியில் சொன்னேன். அடுத்த முறை பலாப்பழக் காலத்தில் வா, கொடிகாமம் சந்தையில் காரை நிற்பாட்டு, தட்டிவான் எந்தப் பக்கம் நின்றது என்று வயதான வியாபாரி யாரையாவது கேள் என்றேன். எழுதி வைத்துக்கொள்வதாகச் சொன்னான்.