முன்னிருக்கை கைமாறிய வரலாறு: டான்டெம் பந்தயமும் அதன் பைலட்டுகளும்

இருவர் சேர்ந்து மிதிக்கும் டான்டெம் சைக்கிள் 1908இல் லண்டன் ஒலிம்பிக்கில் ஓடியது. 1920 முதல் 1972 வரை ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் அதற்கு இடம் இருந்தது. அந்த ஆண்டின் மியூனிக் போட்டியோடு ஒலிம்பிக்கில் கதை முடிந்தது. உலகப் போட்டியில் 1994 வரை தாக்குப்பிடித்தது. இதை ஒரு போட்டியின் சாவாகப் பார்ப்பது எளிது. ஆனால், அந்த வண்டியில் கற்ற வித்தை எங்கே போனது என்று தேடினால் வேறொரு வரலாறு தெரிகிறது.

அதில் ஒரு கிளை பயிற்சிக் களத்துக்குப் போனது. 1968இல் மெக்ஸிகோவில் பியர் டிரான்டானுடன் டான்டெம் தங்கத்தையும், தனியாக ஸ்பிரிண்ட் தங்கத்தையும் வென்ற பிரெஞ்சுக்காரர் டேனியல் மொரெலோன் பிறகு பயிற்சியாளரானார். 2012 ஒலிம்பிக்கில், லண்டன் வெலோட்ரோம் என்ற சைக்கிள் பந்தய அரங்கில், அவர் சீன அணியின் பக்கம் நின்றார். அவரிடம் பயின்ற குவோ ஷுவாங் கெய்ரினில் வெள்ளியும் ஸ்பிரிண்டில் வெண்கலமும் பெற்றார்.

இன்னொரு கிளை சில வாரங்களில், லண்டன் பாராலிம்பிக்குக்காக, அதே அரங்குக்கு வந்தது. பாராலிம்பிக்கில் பார்வைக் குறைபாடுள்ள வீரர் பின்னால் அமர, பார்வையுள்ள பைலட் முன்னால் அமர்ந்து திருப்புகிறார். பதக்கம் இருவருக்கும் உண்டு. பிரேக் இல்லாத வண்டி, மிதிப்பதை நிறுத்த முடியாத ஒற்றைக் கியர். எதிராளியைக் கவனிப்பதும் பாயும் நொடியைத் தீர்மானிப்பதும் பைலட்டின் வேலை. அந்த நொடி பின்னிருப்பவரின் கால்களுக்கும் பிசகாமல் போய்ச் சேர வேண்டும். இதைப் பழக்குவது பயிற்சியாளர் வேலைதான், பெயர்தான் வேறு.

பிரிட்டனின் பைலட் பார்னி ஸ்டோரி 2008இல் பெய்ஜிங் பாராலிம்பிக்கில் ஆண்டனி கேப்ஸை ஏற்றிக்கொண்டு இரண்டு தங்கம் வென்றவர். லண்டனில் அவருக்குப் பின்னால் இருந்தவர் நீல் ஃபாச்சி. கேப்ஸுக்குப் புதிய பைலட் கிரெய்க் மெக்லீன். 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் கிறிஸ் ஹோய், ஜேசன் குவீலியுடன் அணி ஸ்பிரிண்ட் வெள்ளி வென்றவர். ஒரு கிலோமீட்டர் பந்தயத்தில் ஃபாச்சி–ஸ்டோரிக்குத் தங்கம். வண்டிக் கோளாறு காரணமாக கேப்ஸ்–மெக்லீன் ஜோடியால் ஓட்டத்தை முடிக்கவே முடியவில்லை. ஸ்பிரிண்ட் இறுதியில் இரு ஜோடிகளும் மோதின. ஸ்டோரிக்கு எதிரே அவரே பதக்க மேடைக்கு அழைத்துச் சென்ற கேப்ஸ்! வென்றது கேப்ஸ்–மெக்லீன். ஒரு பைலட்டிடம் பழகியது அடுத்த பைலட்டின் வண்டியிலும் கைகொடுத்தது என்பது என் வாசிப்பு. 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் மெக்லீன் ஃபாச்சியுடன் சேர்ந்து இரண்டு தங்கம் வென்றார்.

இந்த இருக்கை மாற்றங்களைத் தற்செயல் என்று ஒதுக்கலாம். ரியோவில், 2016இல், டான்டெம் ஸ்பிரிண்ட் பாராலிம்பிக் பட்டியலிலிருந்தே விழுந்தது. அப்படியும் இருக்கை மாற்றம் நிற்கவில்லை. டோக்கியோ பாராலிம்பிக்கின் ஒரு கிலோமீட்டர் பந்தயத்தில் ஃபாச்சிக்குப் பைலட் மாட் ராதர்ஹாம், தங்கம். ஜேம்ஸ் பாலுக்கு லூயிஸ் ஸ்டூவர்ட், வெள்ளி. அடுத்த ஆண்டு பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியின் சைக்கிள் பந்தயங்கள் லண்டனின் அதே வெலோட்ரோமில் நடந்தபோது பைலட்டுகள் அப்படியே இடம் மாறியிருந்தார்கள். ஸ்காட்லாந்துக்காக ஃபாச்சியும் ஸ்டூவர்ட்டும் ஒரு கிலோமீட்டரை வென்றார்கள். வேல்ஸுக்காக பாலும் ராதர்ஹாமும் ஸ்பிரிண்டை வென்றார்கள். இரு பைலட்டுகளும், ஆளுக்கொரு பந்தயத்தில், முந்தைய ஆண்டு தங்கள் முதுகுக்குப் பின்னால் மிதித்தவரைத் தோற்கடித்திருந்தார்கள்.