சொதிக்கு மரக்கறி: இரண்டு திருநெல்வேலிச் சந்தைகள்

எழுதும்போது திருநெல்வேலி, வாயில் வரும்போது தின்னவேலி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் அந்த ஊரின் சந்தை பலாலி வீதியில். தமிழ்நாட்டுத் திருநெல்வேலிக்காரருக்குப் பாளையங்கோட்டை மகாராஜநகரில் ஓர் உழவர் சந்தை. இரண்டு ஊர்ச் சமையலிலும் சொதி உண்டு. நெல்லையில் அது பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் காய்களும் சேர்ந்த கலியாண வீட்டு விருந்து. யாழ்ப்பாணத்தவரான எங்களுக்கோ இடியப்பத்தோடு அன்றாடம் ஊற்றிக்கொள்வது. ஆகவே இரண்டு சந்தையையும் ஒரே கூடையோடு சுற்றிப் பார்ப்பதில் பிழையில்லை.

மகாராஜநகரில் நுழைந்ததும் கண் விலைப்பலகைக்குப் போகும். உழவர் சந்தைத் திட்டத்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் அப்போதைய முதலமைச்சர் கருணாநிதி தொடங்கி வைத்தார். விவசாயிக்கு அடையாள அட்டை, இலவசத் தராசு. தரகு கிடையாது, கடை வாடகை கிடையாது. மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடவும் வெளிக்கடைச் சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறையவும் விலை வைப்பது கணக்கு. விளைவித்தவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே போய்க்கொண்டிருந்த காசை இருவருக்கும் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு. 2001இல் ஆட்சி மாறியதும் கவனிப்பாரற்றுக் கிடந்து, 2006க்குப் பிறகு மறுபடி தலையெடுத்தது.

தின்னவேலியில் பலகையைத் தேடிப் பயனில்லை. மூன்று பேரிடம் விலை கேட்டு, நாலாவது ஆளிடம் வாங்க வேண்டும். விற்பவர் தோட்டக்காரரா, விடியற்காலையில் தோட்டக்காரரிடம் வாங்கிப் பரப்பிய வியாபாரியா என்பதையும் நாங்களேதான் பிடிக்க வேண்டும். கீரைப் பிடியின் வேரில் செம்மண் ஈரமாக ஒட்டியிருந்தால் கோண்டாவிலோ உரும்பிராயோ, இன்று காலை பிடுங்கியது. மூலையில் சாக்கு விரித்திருக்கும் ஆச்சியிடம் கேட்டால், “மழைக்கு வந்த முசுட்டை பிள்ளை, வறைக்கு நல்லது, கொண்டுபோ” என்பார். விலை பிறகுதான் வரும். குடாநாட்டுச் சந்தைகளில் 100 கிலோ கொண்டுவரும் விவசாயிக்குக் கழிவு என்று 10 கிலோவைக் கழித்துவிடும் வழக்கத்தைப் பற்றிய முறைப்பாடு நெடுநாளையது. அடையாள அட்டையும் சொந்தத் தராசும் அங்கேதான் தேவை; இந்த ஒன்றில் நான் முழுக்க மகாராஜநகர்க் கட்சி.

பருவம் என்று வரும்போது கட்சி மாறிவிடுகிறேன். நெல்லைச் சொதிக்கு வேண்டிய கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு மலைக்காய்கள்; ஆண்டு முழுக்கக் கிடைக்கும். நுவரெலியாவிலிருந்து லொறியில் வருவது எங்கள் சந்தையிலும் குவிகிறதுதான். ஆனால் 2006 ஆகஸ்டில் போரால், குடாநாட்டுக்கு வரும் ஏ9 பாதை மூடப்பட்டபோது அந்த லொறிகள் நின்றன. மரக்கறிக்குச் சொந்தத் தோட்டத்தையே நம்பியிருந்த காலம் அது. கொடுமையான காலம், அதை யாரும் ஏங்கி நினைப்பதில்லை. இருந்தும் எந்த மாதம் எதைக் கேட்பது என்ற பழக்கம் இன்னும் கையில் நிற்கிறது. மாரியில் முசுட்டையும் வல்லாரையும். மார்கழி, தையில் ராசவள்ளியும் பனங்கிழங்கும். வைகாசி தொடங்கித் தென்மராட்சியிலிருந்து கறுத்தக்கொழும்பான் மாம்பழம். கத்தரிக்காயிலோ நெல்லைக்கு வெள்ளைக் கத்தரி பெருமை. இலங்கை விவசாயத் திணைக்களம் பரிந்துரைக்கும் ஓர் இனத்துக்குத் தின்னவேலி ஊதா என்றே பெயர்.

புதியதெல்லாம் உடம்புக்கு நல்லது என்று மட்டும் சொல்லமாட்டேன். தாமிரபரணி பாயும் நெல்லைபோல வற்றாத ஆறு இல்லாத மண் எங்களுடையது. சுண்ணாம்புக்கல்லுக்குள் தங்கும் மழைநீரைக் கிணற்றால் இறைத்துத்தான் தோட்டம். அளவுமீறிப் போட்ட உரம் அதே நீரில் நைத்திரேற்றாக இறங்கியிருக்கிறது. 2021இல் இலங்கை அரசு இரசாயன உரத்தை ஒரே அடியாகத் தடைசெய்து, விளைச்சல் விழுந்தபின் அந்த நவம்பரிலேயே தடையை விலக்கியது. நெல்லை அட்டையும் விளைவித்தவர் யார் என்றுதான் சொல்லும், என்ன மருந்து அடித்தார் என்று சொல்லாது. தின்னவேலியில் பூச்சி அரித்த ஓட்டையுள்ள இலையைத் தேடி எடுக்கிறோம். சோதனைச் சான்றிதழுக்கு அது ஈடாகாது, ஆனாலும் எடுக்கிறோம்.

மகாராஜநகர்ப் பலகையைப் பெயர்த்து வந்து தின்னவேலியில் நட்டால் தக்காளிக்கும் வெங்காயத்துக்கும் விலை எழுதலாம். ஆச்சியின் முசுட்டைக்கு அதில் இடம் வைப்பார்களோ தெரியாது. எட்டு மணிக்குப் பிந்திப் போனால் சாக்கு மட்டும்தான் கிடக்கும்.