அடமானக் கடனில் அசல் எது?



தவணை தப்பிய அடமானக் கடனில் கொடுக்கவேண்டியது எவ்வளவு என்பது வெறும் கூட்டல் கணக்கன்று. அது நியாயத்தைப் பற்றிய வினாவாம். 1938-ஆம் ஆண்டில் சென்னை மாகாணம் இவ்வினாவுக்கு விடை கண்ட வரலாறு நம் குடும்பத்தார் யாவரும் அறியத்தக்கது.

1929-ஆம் ஆண்டில் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தால் விளைபொருள்களின் விலை வீழ்ந்தது. பத்திரத்தில் கண்ட வட்டியோ குறையவில்லை. நிலுவை வட்டியை அசலோடு கூட்டிப் புதுப் பத்திரம் எழுதி வாங்குவதும் வழக்கமாயிருந்தது. உதாரணமாக, 1928 அக்டோபரில் ஒரு விவசாயி 12 சதவிகித வட்டிக்கு ரூ. 1,000 வாங்கினாரென்று கொள்வோம். ஆறாண்டு வட்டி ரூ. 720-ம் நிற்க, 1934-ல் ரூ. 1,720-க்கு மறு பத்திரம் பிறக்கிறது. 1937 அக்டோபரில் கடன் ரூ. 2,339-க்கு மேலாகிவிடும்.

1937-ல் பதவியேற்ற ஸ்ரீ இராஜகோபாலாச்சாரியார் மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை இயற்றிற்று. 1938 மார்ச்சு 22-ல் அது அமுலுக்கு வந்தது. 1932 அக்டோபர் 1-க்கு முற்பட்ட கடன்களில், 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி முழுதும் தள்ளுபடியாயிற்று. பத்திரம் எத்தனை முறை மாறினும், முதலில் கைக்கு வந்த தொகையே அசலெனக் கொள்ளப்பட்டது. ஆகவே நம் உதாரண விவசாயி கொடுக்கவேண்டியது ரூ. 1,000 மட்டுமே. அசலும் வட்டியுமாக அசலின் இருமடங்கு முன்பே செலுத்தியிருந்தால் கடன் அறவே தீர்ந்தது. வட்டியாக ரூ. 1,500 கட்டியிருந்தால், இருமடங்குக்குக் குறைந்த ரூ. 500 கொடுத்தால் போதும்.

1932 அக்டோபர் முதல் வாங்கிய கடன்களுக்குச் சட்டம் வந்த நாள்வரை 5 சதவிகிதத்துக்கு மேற்படாத தனிவட்டி கணக்கிடப்பட்டது. சட்டத்திற்குப் பின் வாங்கும் கடனுக்கோ 6¼ சதவிகிதம், அதாவது ரூபாய்க்கு மாதம் ஒரு தம்பிடி, உச்ச வரம்பாயிற்று.

கடன் கொடுத்தவரும் நம்மவரே அன்றோ? ஒப்பந்தம் முறிந்ததென்று அவர்கள் வருந்தியதிலும் நியாயமுண்டு. வேறு சொத்தில்லாத பெண்களுக்கு வரவேண்டிய, அசல் ரூ. 3,000-க்கு மேற்படாத கடன்களைச் சட்டம் தொடாது விட்டது அக்குறையை ஒருவாறு தணித்தது.

இச்சரித்திரம் புகட்டும் பாடம் ஒன்றுண்டு. பழைய பத்திரத்தையும், வரவு எழுதிய ரசீதையும் காத்தவரே தம் அசலை மெய்ப்பிக்க இயன்றது. மறு பத்திரம் எழுதியவுடன் பழையதைக் கிழித்தெறிந்தவர் தம் சாட்சியையே கிழித்தவராவர். ஆதலின் கொடுப்போரும் கொள்வோரும் ஒவ்வொரு தொகையையும் அன்றன்றே எழுதி வைப்பாராக.